மறுவீடு போன பள்ளிக்கூடம்

ஆவாரேந்தல் தொடக்கப் பள்ளிக்கு ஊர் கூடிக் கல்விச் சீர் எடுத்த சனிக்கிழமை, கடைசியாகப் பேசிய அமலோற்பவம் டீச்சரின் நன்றியுரையைக் கேட்கப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. மற்ற ஊர்களைப் போலவே எங்கள் ஊரிலும் நன்றியுரை என்றால் செருப்பைத் தேடு, பிள்ளையைத் தூக்கு, பந்திக்கு ஓடு என்றுதான் அர்த்தம், அன்றைக்கோ நன்றியுரை தொடங்கும் நேரம் பார்த்து ஜபருல்லா பாய் அண்டாவைத் திறந்துவிட்டார், பிரியாணி வாசம் வந்த பிறகு மைக்கில் யார் பேசினால் எங்களுக்கு என்ன.

அதற்கு முன்பு வரைக்கும் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய்வீட்டார் சீர் கொண்டுபோவதைப் போலவே முன்னால் நாயனமும் மேளமும் போக, பின்னால் பெண்கள் தலையில் தாம்பாளங்களோடு போக, ஒரு தாம்பாளத்தில் சிலேட்டும் இன்னொன்றில் கலர் பென்சிலும் மற்றொன்றில் எழுது அட்டையும் இருக்க, உலக உருண்டைக்கு மல்லிகைச் சரம் சுற்றி நடுவில் தூக்கிக்கொண்டு, கண்மாய்க் கரையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வெடி போட்டபடி போனோம். டீக்கடை முத்துக்காளை தான் கொடுத்த இரண்டு மின்விசிறிகளையும் டிராக்டரில் ஏற்றி அவற்றுக்கு நடுவில் தானும் நின்றுகொண்டு வந்தார், போட்டோவில் விசிறி விழாவிட்டாலும் அவர் விழ வேண்டும் அல்லவா. ஜபருல்லா பாய் குடிதண்ணீர் வடிகட்டும் பெட்டியும் ஊருக்கே பிரியாணியும் கொடுத்தார். ஒற்றை அறையில் குடியிருக்கும் தையல்காரர் சூசை ஒரு பெட்டி சாக்பீஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கண்மாய்க்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் பால்கார இருளாயி, தன் கல்யாணத்தில் தனக்கு வந்த இரும்பு பீரோவைத் துடைத்துப் பொட்டு வைத்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். பிள்ளைகளின் நோட்டுகளைக் கரையான் அரிக்கிறது என்று டீச்சர் என்றைக்கோ பால் வாங்கும்போது சொன்னது அவள் காதில் தங்கியிருந்தது.

இத்தனைக்கும் காரணம் ஓர் அதிகாரி. பிள்ளைகள் குறைந்துபோனார்கள், இந்தப் பள்ளியை மூடி நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று எழுதிக்கொண்டு வந்தவர், டீச்சர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டு, ஊர் ஆதரவு இருக்கிறதா பார்க்கிறேன், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் இன்னொரு முறை வருவேன், பள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டியபடி இருந்தால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சாலையை நாங்கள் நன்றாக அறிவோம். எங்கள் ஆடுகள் பலவும் இருளாயியின் புருஷனும் அதில்தான் அடிபட்டுப் போனார்கள், அவர் பால் கேனோடு பாதிச் சாலையைக் கடந்திருந்தார். அதைத் தாண்டி ஆறு வயதுப் பிள்ளைகளைப் படிக்க அனுப்ப எங்களில் யாரும் தயாராக இல்லை, அதனால்தான் பீரோவும் விசிறியும்.

அமலோற்பவம் டீச்சர் தினமும் டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். ஒன்றாம் வகுப்புக்கு அவர் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் கண்மாயில் மீன் பிடிக்கிறவனும் கூடச் சேர்ந்து பாடுவான், ஆனால் நான்கு பெரிய மனிதர்கள் எதிரில் உட்கார்ந்துவிட்டால் அவர் குரல் வயிற்றுக்குள் இறங்கிவிடும். ஊராட்சித் தலைவர் தன் சாதனைகளைச் சொல்லி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது, டீச்சரின் முறை வந்தபோது நாங்கள் இலைக்கு முன்னால் இருந்தோம், அதனால் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பயமில்லாமல் ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் கொடுத்ததையும் சொல்லி, கொடுத்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் இந்தப் பள்ளிக்கூடமே நேரில் போய் நன்றி சொன்னாலும் தகும் என்று முடித்தாராம். கூரையில் ஓர் ஓடு மெல்ல நகர்ந்ததாகவும் அணில் என்று தான் நினைத்ததாகவும் பிற்பாடு சொன்னார். அது மட்டுமல்ல, சீரை இறக்கி வைத்தபோது ஒவ்வொருவரும் பள்ளிக்கூடத்தின் வாசல் நிலையைத் தொட்டு நெட்டி முறித்து, ஒரு நடை நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போத்தா என்று சொல்லியிருந்தோம், சீர் கொடுத்தால் அப்படிச் சொல்வது எங்கள் வாய்ப்பழக்கம்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பள்ளிக்கூடம் அங்கே இல்லை. அது நின்ற நீளத்துக்கும் அகலத்துக்கும் வெளுத்த மண் கிடந்தது, கொடிக்கம்பத்தையும் குழாயையும் மட்டும் காவலுக்கு வைத்தாற்போல் விட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் வகுப்பு யாழிசை பையோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், பள்ளிக்கூடம் முத்துக்காளை மாமா வீட்டுக்கு விருந்தாடப் போயிருக்கு. உங்களையும் அங்கனக்குள்ள வரச் சொன்னாக."

டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பிள்ளையின் பின்னால் நடந்தார். டீக்கடைக்கு எதிரே இருந்த காலி மனையில், மஞ்சள் சுவரும் ஓட்டுக் கூரையும் நீள வராந்தாவுமாக, வாசலை முத்துக்காளையின் வீட்டு வாசலுக்கு நேராக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நின்றது. முத்துக்காளையின் மனைவி ஆரத்தி எடுத்து முடித்துக் குங்குமத் தண்ணீரைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள். முத்துக்காளை கோழி பிடிக்க ஆள் அனுப்பியிருந்தார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிது பாருங்க டீச்சர், ஒரு போன் போட்டிருந்தாக் கிடாயே வெட்டிருப்பேன்ல" என்று சந்தோஷமாகச் சலித்துக்கொண்டார்.

அன்றைக்குப் பாடம் அங்கேதான் நடந்தது. டீ குடிக்க வந்தவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டார்கள், ஏழெட்டு எவ்வளவு என்று டீச்சர் கேட்டபோது பிள்ளைகளுக்கு முந்திக்கொண்டு ஒரு லாரி டிரைவர் தப்பாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார், முத்துக்காளை டீ ஆற்றும் கை வாய்ப்பாட்டின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. மத்தியானம் பிள்ளைகளுக்குக் கோழிக் குழம்பு. விருந்துக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பினால் நன்றாகவா இருக்கும் என்று சாயங்காலம் ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்தை உள்ளே வைத்தார்கள். டீச்சர் பதறிப்போனார். நன்றி சொல்ல வந்த இடத்தில் இன்னொரு நன்றிக்கு இடம் வைத்துக்கொண்டே போனால் இது எங்கே போய் முடியும் என்று அவருக்கு அன்றைக்கே கவலை வந்துவிட்டது.

அப்புறம் பள்ளிக்கூடம் வீடு வீடாகப் போனது, யார் கண்ணிலும் படாமல் போனது, விடிந்து பார்த்தால் ஒரு வீட்டு வாசலில் நின்றது, நாங்களும் விடிந்ததும் அது எங்கே என்று தேடிக்கொண்டு போகப் பழகினோம், பஸ் கண்டக்டர்கூட ஊர் எல்லையிலேயே விசாரித்து டீச்சரைச் சரியான இடத்தில் இறக்கிவிடப் பழகினார். ஜபருல்லா பாய் வீட்டுக்குப் போனபோது பள்ளிவாசல் சுவருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நின்றது. அவர் மனைவி நூர்ஜஹான் எல்லாப் பிள்ளைகளுக்கும் மருதாணி வைத்து, டீச்சர் கையிலும் வைத்து, மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக் கதவிலும் வட்டம் வட்டமாக வைத்துவிட்டாள், அது நன்றாகச் சிவந்தது. சூசை குடியிருந்த முடுக்கில் ஒரு சைக்கிள் போனாலே எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்ட வேண்டும், அங்கே எப்படி வரும், பெட்டி சாக்பீஸ் கொடுத்தவன் வீட்டுக்கெல்லாம் வராது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அது வராந்தாவை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு முடுக்குக்குள் போய் நின்றுவிட்டது. சூசை அழுதுவிட்டார். பிள்ளைகள் எல்லாருடைய கிழிந்த சட்டைப் பைகளையும் அன்று ஒரே மூச்சில் தைத்துக் கொடுத்தார்.

சண்டைகளும் வந்தன. எங்கள் வீட்டில் ஒரு நாள், அவர்கள் வீட்டில் இரண்டு நாளா என்று இரண்டு மருமகள்கள் குழாயடியில் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். சீரில் ஒன்றும் கொடுக்காதவர்கள் அவசர அவசரமாக ஆளுக்கொரு வாளியும் துடைப்பமும் கொண்டுபோய் நீட்டினார்கள். பக்கத்து ஊரில் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இந்த விருந்துப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவோம் என்று தெருவில் புரண்டார்கள், சில பெற்றோர்கள் கொண்டுவந்து சேர்த்தும் விட்டார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை, டீச்சருக்குத்தான் தூக்கம் போனது, அதிகாரி வந்து அந்த வெறும் மண்ணைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியாகப் பள்ளிக்கூடம் கண்மாயைச் சுற்றிக்கொண்டு இருளாயி வீட்டுக்குப் போனது. போனது அங்கேயே இருந்துவிட்டது.

இருளாயியின் வீடு ஓர் அறை, ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு வேலி, அவ்வளவுதான். இரண்டு நாளானது, ஒரு வாரமானது, பள்ளிக்கூடம் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. அவள் தினமும் வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் கோலம் போட்டாள், ஒட்டடை அடித்தாள், சன்னல் கம்பிகளைப் புளி போட்டுத் துலக்கினாள், வகுப்பு நடக்கும்போது கன்றுக்குட்டிகள் வராந்தாவில் படுத்து அசைபோட்டன, இடைவேளையில் பிள்ளைகள் ஆளுக்கொரு தம்ளர் பால் குடித்தார்கள். எப்போதும் எங்கள் வீடுகளில் பாலை ஊற்றிவிட்டுப் பேசாமல் போகிறவள், இப்போது வாசலில் நின்று அது இன்றைக்கு வெயிலில் வாடிவிட்டது, இன்றைக்கு அதற்கு ஓடு மாற்றினேன் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்க்க எங்களுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் திங்கட்கிழமை வருகிறேன் என்று அதிகாரியிடமிருந்து டீச்சருக்குப் போன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டீக்கடையில் ஊர் கூடியது.

"டிராக்டர்ல சங்கிலியக் கட்டி இழுத்துருவோம்" என்றார் முத்துக்காளை.

"ஏம்ப்பா, சீர் எடுத்த பொண்ணச் சங்கிலி போட்டா இழுப்ப?" என்று ஜபருல்லா பாய் எழுந்துவிட்டார். "இருளாயி இப்பத் தாயார் முறை, அவகிட்டச் சொல்லி முறையா அனுப்பச் சொல்லணும். பெத்தவ போயிட்டு வான்னு சொல்லாம எந்தப் பொண்ணு கெளம்பும்?"

அது எங்கள் எல்லோருக்கும் சரி என்று பட்டது, மற்ற வீடுகளிலெல்லாம் விருந்து முடிந்ததும் போயிட்டு வாத்தா என்று நாங்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம், இருளாயி மட்டும் அதைச் சொல்லவே இல்லை. போய்ச் சொல்லச் சொல்வது யார் என்று கேட்டபோது எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். பெரிய மனிதர்கள் முன்னால் பேச வராத டீச்சர், சரி, நான் போகிறேன் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் போனபோது இருளாயி பால் கறந்துகொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர், அந்த முக்காலியில உக்காருங்க. இந்தா ஆச்சு."

டீச்சர் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தின் கதவு திறந்திருந்தது, உள்ளே பீரோ தெரிந்தது, அதன் கண்ணாடியில் கொட்டகையும் மாடும் தெரிந்தன. சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோய், நன்றியிலிருந்து தொடங்கலாம் என்று அவர் நினைத்தார்.

"இருளாயி, அன்னைக்கு மேடையில சொன்னப்ப நீங்க யாருமே இல்ல. இந்த பீரோவுக்கு உங்களுக்கு நான் நேர்ல இன்னும்..."

"சொல்லிராதீக." இருளாயி செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "நன்றி மட்டும் சொல்லிராதீக டீச்சர். நானும் எத்தனையோ கூட்டத்தப் பாத்துட்டேன். நன்றின்னு ஒருத்தர் எந்திரிச்சார்னா அம்புட்டுத்தான், எல்லாரும் கெளம்பிருவாக. எங்க வீட்டுக்காரரு காரியத்துக்கு இந்த வாசல் கொள்ளாம சனம். பதினாறாம் நாள் எங்கண்ணன் எந்திரிச்சு வந்தவுகளுக்கெல்லாம் நன்றின்னு சொன்னாரு. பொழுது சாயுறதுக்குள்ள நானும் மாடுந்தான் இருந்தோம்."

டீச்சர் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மாடு மடியை உதறியது, இருளாயி அதைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் நன்றி சொல்லல" என்றார் டீச்சர் கடைசியில். "எப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா திங்கக்கெழம ஆபீசர் வர்றாரு இருளாயி. பள்ளிக்கூடம் அதோட எடத்துல இல்லைன்னா மூடிருவாங்க. புள்ளைங்க ரோட்டைத் தாண்டித்தான் படிக்கப் போகணும்."

"எந்த ரோட்ட?"

"அந்த ரோட்டைத்தான்."

இருளாயி சாலை இருக்கும் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து அது தெரியாது, லாரிகளின் சத்தம் மட்டும் கேட்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், செம்பை எடுத்து டீச்சருக்கு ஒரு தம்ளர் பால் ஊற்றினாள்.

"நாளைக்கு ஒரு நா இருக்கட்டும்" என்றாள். "தலைக்கு ஊத்தி அனுப்பி வைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தோம். இருளாயி ஏணி வைத்துக் கூரையில் ஏறி, ஓடு ஓடாக நல்லெண்ணெய் தடவி, அரைத்த சீயக்காயைக் குடம் குடமாகக் கரைத்து ஊற்றித் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, சுவர்களை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கொட்டகையில் சாம்பிராணி போட்டு அந்தப் புகையை வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் காட்டி, கதவுக்கு மல்லிகைச் சரம் கட்டினாள். பிள்ளைகள் தண்ணீர் சுமந்து கொடுத்தார்கள். கை வைக்கப் போன எங்களை அவள் கிட்டவே விடவில்லை. பொழுது இறங்கும் நேரம் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், ரொம்ப நேரம் நின்றாள், போயிட்டு என்று சொன்னாள், மீதியைச் சொல்ல முடியவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு, வாத்தா என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்களில் பலருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, அதை எதற்கு மறைக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்தபோது பள்ளிக்கூடம் அதன் வெளுத்த மண்ணில், கொடிக்கம்பத்துக்குப் பின்னால், ஓர் அங்குலம்கூட விலகாமல் நின்றது. கூரையில் சீயக்காய் வாசம் வந்தது. அதன் இடது பக்கச் சுவரை ஒட்டி இருளாயியின் வீடு நின்றது. வீடு என்றால் வீடு மட்டுமில்லை, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் படப்பு, வேலி, வேலியில் காயப்போட்டிருந்த அவள் சேலை எல்லாமும்தான்.

அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அழுது களைத்துத் தூங்கியவளை எழுப்ப வேண்டாம் என்று டீச்சர் பிள்ளைகளிடம் விரலை வாயில் வைத்துக் காட்டினார், அன்றைக்கு இறை வணக்கத்தைக்கூட மெதுவாகத்தான் பாடினார்கள். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, விசிறி ஓடுவதையும் தண்ணீர் வடிவதையும் பீரோவுக்குள் நோட்டுகள் கரையான் இல்லாமல் இருப்பதையும் பார்த்தார், போன முறையைவிடக் கூடுதலாகப் பிள்ளைகள் இருப்பதைப் பார்த்தார், எல்லாப் பிள்ளைகள் கையிலும் மருதாணியைப் பார்த்தார், அதே மருதாணியைக் கதவிலும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெளியே வந்தபோதுதான் பக்கத்து வீட்டைக் கவனித்தார்.

"இந்த வீடு போன தடவ இல்லையே?"

"அது பொண்ணோட அம்மா வீடு சார்" என்றார் முத்துக்காளை.

அதிகாரிக்கும் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பி ஆறு மாதம்தான் ஆகியிருந்ததாம். அந்த வீட்டை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பள்ளி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் சத்தத்துக்கும் எழாதவளை மாடுகள்தான் கத்திக் கத்தி எழுப்பின. கதவைத் திறந்துகொண்டு வந்த இருளாயி, கண்மாய்த் தண்ணீரை எதிர்பார்த்த இடத்தில் கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். திரும்பிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள், அதன் சுவர் தன் சுவரோடு சேர்ந்திருப்பதைப் பார்த்தாள், சேர்ந்திருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிள்ளைகள் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டார்கள். டீச்சர் பக்கத்தில் போய் நின்றார், அவருக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கியதை நாங்கள் பார்த்தோம்.

இருளாயிக்குச் சட்டென்று வெட்கம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்கக்கூட யோசிப்பார்கள், போய்க் குடியிருப்பது என்றால் கேவலத்திலும் கேவலம். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டீச்சரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், அப்படியும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"பொண்ணு வீட்டுல வந்து ஆத்தாக்காரி உக்காந்துக்கிட்டா ஊரு என்ன டீச்சர் சொல்லும்?"

டீச்சர் எங்களைப் பார்த்தார். ஊர் என்று அவள் சொன்னது எங்களைத்தான். காலையில் பால் வராததால் தூக்குச் சட்டிகளோடு வேலிக்கு வெளியே வரிசையாக நின்றுகொண்டிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் முத்துக்காளைதான் செருமிக்கொண்டு தன் சட்டியை வேலிக்கு மேலே நீட்டினார்.

"ஊரு ஒண்ணும் சொல்லாது. நீ மொதல்ல பால ஊத்து, டீத்தண்ணிக்கு நேரமாச்சு."